சமைத்தவர் நாக்கு சாட்சியாகாது

இட்லி மாவைக் கையால்தான் கரைக்கவேண்டுமா, கரண்டியால் கலக்கினால் போதாதா? தமிழ் வீடுகளில் இந்த வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. கை பட்டால்தான் மாவு பொங்கும், அதிலும் சிலர் கைக்கு அது தனியாகப் பொங்கும் என்பது ஒரு கட்சி. புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் உளுந்தோடும் அரிசியோடும் முன்பே வந்துவிடுகின்றன, கைக்கு அதில் பெரிய பங்கில்லை என்பது இன்னொரு கட்சி. உப்பை அரைத்தவுடன் போடுவதா, பொங்கிய பிறகா? ஒரு ஸ்பூன் வெந்தயம் மென்மைக்கா, மணத்துக்கா, வெறும் பழக்கத்துக்கா? கிரைண்டர் மாவுக்கும் மிக்ஸி மாவுக்கும் உள்ள வேற்றுமை நாக்கில் தெரிகிறதா, மனதில் தெரிகிறதா? இவையெல்லாம் ஆய்வுக்கூடம் இல்லாமலேயே விடை காணக்கூடிய கேள்விகள். இரண்டு பாத்திரமும் ஓர் இரவும் போதும். ஆனாலும் வழக்கு இழுத்துக்கொண்டே போவதற்குக் காரணம், பெரும்பாலான வீட்டுச் சோதனைகளில் சமைத்தவரே ருசி பார்க்கிறார், அவரே தீர்ப்பும் எழுதிவிடுகிறார். அடுப்பை அணைக்கும்போது சோதனை பாதிதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதி நண்பர்களின் தட்டில் நடக்கவேண்டும் என்பது என் வாதம். விருந்தோம்பலின் பெருமை பேச இதைச் சொல்லவில்லை. சமைத்து முடித்த நேரத்தில் சமைத்தவரின் மூக்கும் நாக்கும் முள் நகர்ந்துபோன தராசாக இருக்கின்றன என்பதற்கு நல்ல ஆதாரங்கள் உள்ளன.

முதலில் மூக்கு. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மணம்தான். மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு நான்கு சீரகத்தை மென்று பாருங்கள்; லேசான கசப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது. விரலை எடுத்த நொடியில் சீரகம் சீரகமாகிவிடும். வாயில் மெல்லும்போது கிளம்பும் ஆவி தொண்டையின் பின்வழியாக மூக்கின் உச்சிக்கு ஏறுவதால் இது நிகழ்கிறது. அந்த உச்சியில் இருக்கும் மணம் உணரும் செல்களுக்கு ஒரு குணம் உண்டு: ஒரே மணம் விடாமல் வந்துகொண்டிருந்தால் சில நிமிடங்களில் அவை குரலைத் தாழ்த்திக்கொள்ளும். புதிதாக வரும் மணத்தைப் பிடிப்பதுதான் அவற்றின் வேலை. பழையதைச் சொல்லிக்கொண்டே இருப்பதால் உயிருக்குப் பயனில்லை. இப்போது ரசம் வைப்பவரை எண்ணிப்பாருங்கள். புளி கொதிக்கும் வாசம், பொடி போட்டதும் எழும் ஆவி, நுரை கூடி வரும்வரை பாத்திரத்தின் மேல் குனிந்து நிற்பது, கடைசியில் நெய்யில் கடுகு வெடித்து, பெருங்காயம் பொரிந்து, கறிவேப்பிலை சடசடக்கும் அந்தப் பத்து விநாடி. முக்கால் மணிநேரம் இந்த ஆவியில் நின்றவரின் மூக்கு ரசத்தை ஏறக்குறைய மறந்துவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே “ரசமா?” என்று கேட்கும் நண்பரின் மூக்குக்கு அது இன்னும் செய்தி. ஒரு கரண்டி உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்துவிட்டு “ஏதோ குறையுது” என்று சமைத்தவர் இன்னொரு சிட்டிகைப் பெருங்காயம் சேர்த்தால், குறை ரசத்தில்தான் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

மூக்கோடு இது நிற்பதில்லை. “சமைச்சு முடிச்சதும் பசியே போயிடுது” என்று சொல்லாத சமையல்காரர் இல்லை. இதற்குப் பின்னால் இருக்கும் ஒரு காரணத்தைக் கேரி மோர்வெட்ஜும் அவருடைய சகாக்களும் 2010இல் சயன்ஸ் இதழில் காட்டினார்கள். மிட்டாய் உண்பதாக மனதுக்குள் ஒவ்வொன்றாக முப்பது முறை கற்பனை செய்தவர்கள், மூன்றே முறை கற்பனை செய்தவர்களைவிட, பிறகு உண்மையான மிட்டாயைக் குறைவாகவே எடுத்தார்கள். பாலாடைக்கட்டியைக் கற்பனை செய்தவர்களுக்கு மிட்டாய் ஆசை குறையவில்லை. எதை நினைத்தார்களோ அதுதான் சலித்தது. காலையிலிருந்து ஒரு குழம்பையே நினைத்துக்கொண்டிருப்பவர் தட்டு போடும் முன்பே அதை மனதால் பலமுறை சாப்பிட்டுவிடுகிறார். இதற்கு நேர் எதிராகவும் ஒன்று உண்டு. சூரிச்சில் சிமோனே டோலே குழுவினர் செய்து 2014இல் வெளியான ஆய்வில், மில்க் ஷேக்கைத் தாங்களே கலக்கிக் குடித்தவர்கள், வேறொருவர் கலக்கிக் கொடுத்ததைக் குடித்தவர்களைவிட அதை அதிகம் விரும்பினார்கள், அதிகம் குடிக்கவும் செய்தார்கள். உழைப்பு ருசியைக் கூட்டுகிறது. சிறு வயதில் ஆளுக்கொரு கைப்பிடி அரிசி பருப்பு கொண்டுவந்து மூன்று கல் வைத்துப் பொங்கிய கூட்டாஞ்சோறு, அடியில் பிடித்துப் புகை நாறினாலும் அமிர்தமாக இருந்ததன் ரகசியம் இதுவாக இருக்கலாம். அங்கே சமைக்காதவர் என்று ஒருவருமே கிடையாது. ஆக, சமைத்தவரை ஒரு விசை சலிப்பின் பக்கமும் இன்னொரு விசை பெருமையின் பக்கமும் இழுக்கின்றன. ஒரே பக்கம் சாய்ந்த தராசு என்றால் அந்த அளவைக் கழித்துக்கொள்ளலாம். அன்றைக்கு எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்தது என்று தெரியாத தராசை வைத்து எதைக் கழிப்பது?

அப்படியென்றால் வீட்டில் இருப்பவர்களே ருசி பார்க்கலாமே, நண்பர்கள் எதற்கு என்று கேட்கலாம். இங்கே உப்பு குறுக்கே வருகிறது. நம் உமிழ்நீரிலேயே சோடியம் இருக்கிறது. நாக்கு எப்போதும் ஓரளவு உப்பில் நனைந்தே இருப்பதால் அதற்கு மேலே இருப்பதைத்தான் அது ‘உப்பு’ என்று சொல்கிறது. எவ்வளவு மேலே இருந்தால் பிடிக்கும் என்பதைப் பழக்கம் முடிவு செய்கிறது. 1980களின் தொடக்கத்தில் மேரி பெர்டினோ, கேரி பியூசாம்ப் ஆகியோர் செய்த ஆய்வில், சில மாதங்கள் உப்பைக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கு, முன்பு சரியாக இருந்த சூப்பும் பிஸ்கட்டும் கரிக்கத் தொடங்கின. அவர்களுடைய ‘சரியான உப்பு’ தானாகவே கீழே இறங்கியிருந்தது. உயர்த்தினால் மேலேயும் ஏறும். ஒரு வீடு என்பது ஒரே பானையில் சாப்பிடும் கூட்டம். அந்த வீட்டு நாக்குகள் எல்லாம் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கியிருக்கும். குடும்பத்தில் ஐந்து பேரைக் கேட்பது ஒரே கடிகாரத்தை ஐந்து முறை பார்ப்பது மாதிரிதான். வேறு அடுப்பில் வளர்ந்த நாக்குதான் “உங்க வீட்டுல கொஞ்சம் தூக்கலா போடுவீங்களோ?” என்று கேட்கும். மிளகாய்க்கும் இது பொருந்தும். காரத்தை நமக்குச் சொல்வது சூட்டை உணரும் அதே நரம்பு வாயில்தான். அதை டேவிட் ஜூலியஸ் குழு 1997இல் இனம் கண்டது, 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாள்தோறும் காரம் தின்றால் அந்த வாயில் மரத்துப்போகிறது. ஒரே காரத்தில் மரத்துப்போன ஒரு குடும்பம், தன் குழம்பு எவ்வளவு காரம் என்பதற்குச் சாட்சி சொல்ல முடியாது.

பழுத்த சமையல்காரர்கள் ருசி பார்க்காமலேயே சமைக்கிறார்களே என்ற மறுப்பு வலுவானது. கோயில் மடைப்பள்ளிகளில் நைவேத்தியத்துக்கு முன் யாரும் வாயில் வைப்பதில்லை. பல வீடுகளிலும் படையல் நாளில் இதே வழக்கம்தான். ஆனாலும் புளியோதரையில் உப்பு பிசகுவதில்லை. இந்த மறுப்பைக் கூர்ந்து பார்த்தால் அது என் பக்கமே வந்து சேர்கிறது. மடைப்பள்ளிக்காரர் தன் நாக்கை நம்பவே இல்லை, அளவை நம்புகிறார். எத்தனை படி அரிசிக்கு எத்தனை பிடி உப்பு, எந்தப் பாத்திரத்தில் எதுவரை தண்ணீர், எந்த வாசம் வந்ததும் விறகை இழுப்பது என்று எல்லாம் கைக்குள் வந்துவிட்டன. அந்த அளவு முதலில் எப்படி நிலைபெற்றது? பிரசாதம் வாங்கிப்போனவர்கள் எத்தனையோ தலைமுறையாகச் சொன்ன நல்லதும் பொல்லாததும் சேர்ந்துதான். தன் வாயை ஒதுக்கிவிட்டு, நிலையான அளவையும் பிறர் வாயையும் பிடித்துக்கொண்டால் போதும் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் புதிதாக ஒன்றைச் செய்துபார்ப்பவருக்கு அந்தத் தலைமுறைக் கணக்கு கிடையாது. அவருக்குக் கிடைப்பது அன்று இரவு வரும் நான்கைந்து நண்பர்கள்.

ருசி ஆளுக்காள் மாறுமே, நாலு பேர் நாலு விதம் சொன்னால் என்ன முடிவுக்கு வருவது என்பது அடுத்த மறுப்பு. மாறுவது உண்மைதான், அதை அறிவியல் ஒரு விபத்தில் கண்டுபிடித்தது. ஆர்தர் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் பி.டி.சி. என்ற பொடி காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார்; ஃபாக்ஸுக்கோ ஒன்றுமே தெரியவில்லை. 1931இல் அவர் வெளியிட்ட இந்தச் செய்தியைத் தொடர்ந்து, கசப்பு தெரிவதும் தெரியாததும் பிறவியிலேயே வருவது என்று உறுதியாயிற்று. அதற்குக் காரணமான டி.ஏ.எஸ்.2.ஆர்.38 என்ற மரபணு 2003இல் பிடிபட்டது. முட்டைக்கோஸ், டர்னிப் குடும்பத்துக் காய்களில் இருக்கும் கசப்பு சிலருக்குத் தூக்கலாகவும் சிலருக்கு இல்லாததுபோலவும் தெரிவதில் இதற்குப் பங்குண்டு. பாகற்காய்க் கணக்கு வேறு. மனிதனுக்குக் கசப்புணரும் வாயில்கள் ஏறத்தாழ 25 வகை இருப்பதால் ஒன்றில் தப்பியவர் இன்னொன்றில் மாட்டிக்கொள்வார். கொத்தமல்லித் தழை சிலருக்குச் சோப்பு வாடை அடிப்பதற்கும் ஒரு மரபணுத் தொடர்பு இருக்கிறது. நம் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் குறைவு என்பதால் அவர்களை நாம் ‘தின்னத் தெரியாதவர்’ பட்டியலில் சேர்த்துவிடுகிறோம். இவ்வளவு வேற்றுமை இருப்பது பலரைக் கேட்பதற்கு எதிரான வாதம் ஆகாது. ஒருவர் மட்டும் ருசி பார்த்தால் அந்த ஒருவரின் மரபணு அதிர்ஷ்டத்தைத்தான் உணவின் குணமாக எழுதிவைப்போம். ஐந்து பேரில் ஒருவர் மட்டும் முகம் சுளித்தால் அந்தச் சுளிப்பும் ஒரு கண்டுபிடிப்புதான்.

எனக்கு உண்மையிலேயே சிக்கலாகப் படும் மறுப்பு வேறு. நண்பர்கள் பொய் சொல்வார்கள். இலையில் பரிமாறியவர் எதிரே நின்று “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “பிரமாதம்” என்பதைத் தவிர வேறு விடை சொல்ல நம் பழக்கத்தில் இடமில்லை. பொய் சொல்லாதவர்களையும் கூட்டம் மாற்றிவிடுகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் எரிக்கா பூத்பியும் சகாக்களும் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வு நறுக்கென்று இருக்கும். ஒருவர் சாக்லேட் தின்னும்போது பக்கத்தில் இருப்பவரும் அதே சாக்லேட்டைத் தின்றால் முன்னவருக்கு அது கூடுதலாக இனித்தது. பக்கத்தில் இருப்பவர் வேறு வேலையில் இருந்தால் அவ்வளவு இனிக்கவில்லை. இருவரும் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. சாக்லேட்டைக் கடுங்கசப்பாக மாற்றியபோது விளைவும் தலைகீழானது: சேர்ந்து தின்றவர்களுக்கு அது இன்னும் பிடிக்காமல் போயிற்று. சேர்ந்து உண்பது ஒலிபெருக்கி மாதிரி. நல்லதையும் பெருக்கும், கெட்டதையும் பெருக்கும். தட்டில் மிச்சம் வைத்தார்களா என்று பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றாலும் ஏமாறுவோம். மக்கள் எழுதிவைத்த உணவுக் குறிப்பேடுகளை ஆராய்ந்த ஜான் டி காஸ்ட்ரோ, பிறரோடு உண்ணும் வேளைகளில் தனியே உண்பதைவிடச் சுமார் 44% அதிகம் உள்ளே போகிறது என்று 1980களின் இறுதியில் கணக்குக் காட்டினார். “இன்னொரு கரண்டி ஊத்துங்க” என்பது உங்கள் சாம்பாருக்கு வந்த பாராட்டாக இருக்கலாம். பக்கத்து இலைக்காரரின் கதை சுவாரசியமாக இருந்ததாலும் இருக்கலாம். ஆக, சமைத்தவர் தராசு கெட்டுப்போனது என்று சொல்லிவிட்டு நான் நீட்டுகிற தராசும் பந்தியில் வைத்தால் ஆடுகிறது.

இந்த ஆட்டத்தை நிறுத்த வழி இருக்கிறது. அது ஒரு தேநீர் வேளையில் பிறந்தது. 1920களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் முரியல் பிரிஸ்டல் என்ற பாசியியல் ஆய்வாளர், கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா தேநீரை முதலில் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார். அங்கிருந்த புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அதற்குப் பதிலாக எட்டுக் கோப்பை, நான்கு இப்படி, நான்கு அப்படி, வரிசை கலைத்து வைக்கச் சொன்னார். எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழி. குருட்டாம்போக்கில் எல்லாம் சரியாக அமைவதற்கு 70இல் 1 வாய்ப்பு. 1935இல் அவர் எழுதிய சோதனை வடிவமைப்பு நூலில் இந்தத் தேநீர் ஒரு முழு அத்தியாயமாக ஊறியது. அந்தப் பெண்மணி எல்லாக் கோப்பையையும் சரியாகச் சொன்னதாகப் பிற்காலத்தில் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. நூலில் அது இல்லை. கவனிக்கவேண்டியது கேள்வியின் வடிவம். “நன்றாக இருக்கிறதா?” என்று ஃபிஷர் கேட்கவில்லை. “எது எது?” என்றுதான் கேட்டார். இந்தக் கேள்விக்கு மரியாதையால் விடை சொல்ல முடியாது. 1940களில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையில் இதை இன்னும் எளிதாக்கினார்கள்: மூன்று குவளை, இரண்டு ஒன்று, ஒன்று வேறு, வேறு எது? முக்கோணச் சோதனை என்று உணவுத் தொழில் இன்றும் இதைப் பயன்படுத்துகிறது.

இட்லி வழக்கை இந்த மன்றத்துக்குக் கொண்டுவரலாம். ஒரே கிரைண்டரில் அரைத்த ஒரே மாவு. கிராம் கணக்கில் நிறுத்துப் போட்ட ஒரே உப்பு. அளவில் ஒன்றுபோன்ற இரண்டு எவர்சில்வர் பாத்திரம். ஒன்றைக் கையால் கரைக்கவேண்டும், மற்றதைக் கரண்டியால், இரண்டையும் கடிகாரம் பார்த்து ஒரே நேரம். இங்கேயே ஒரு முடிச்சு விழும். கை கரண்டியைவிடச் சூடு, அழுத்திப் பிசையும், காற்றையும் வேறு மாதிரி சேர்க்கும். காலையில் வேற்றுமை தெரிந்தாலும் அது கையிலிருந்த நுண்ணுயிரால் வந்ததா, கையின் சூட்டால் வந்ததா என்று சொல்லமுடியாது. வேண்டுமானால் புதுக் கையுறை மாட்டிய கையால் மூன்றாவது பாத்திரம் வைக்கலாம். சூடும் அழுத்தமும் கிடைக்கும், தோல் படாது. பாத்திரங்களின் வெளிப்புறம் மாவு நிற்கும் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்ட். இரவில் நடப்பது என்ன என்பது ஓரளவு தெரிந்த கதை. லூகோனாஸ்டாக் மெசென்ட்ராய்டிஸ் என்ற பாக்டீரியா முன்னின்று லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிட, மாவு புளித்துக்கொண்டே மேலே எழும்பும். அந்த வாயுவைத் தப்பவிடாமல் பிடித்துவைப்பது உளுந்து. உளுந்தின் புரதமும், அரைக்கும்போது விரலில் வழுவழுக்கும் அரபினோகேலக்டான் என்ற சர்க்கரைத் தொடரும் சேர்ந்துதான் நுரையின் சுவரைக் கட்டுகின்றன என்று மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1970களில் காட்டியது. உளுந்து குறைந்த மாவு எந்தக் கையால் கரைத்தாலும் கல்தான். காலையில் ரப்பர் பேண்டுக்கு மேலே எத்தனை விரல் ஏறியிருக்கிறது என்று பார்ப்பது சமைத்தவர் வேலை. அதற்கு நாக்கு தேவையில்லை.

நாக்கு தேவைப்படும்போது நண்பர்கள் வருகிறார்கள். இரண்டு மாவையும் ஒரே கொப்பரையில் அவிக்கவேண்டும், ஒவ்வொரு தட்டிலும் பாதிக்குழி இது, பாதிக்குழி அது; மேல்தட்டு இட்லியும் கீழ்த்தட்டு இட்லியும் ஒரே மாதிரி வேகாது என்பது தெரிந்ததே. ஒவ்வொருவர் தட்டிலும் மூன்று துண்டு, வரிசை திருவுளச்சீட்டுப்படி, சட்னி சாம்பார் கிடையாது, கண்ணில் நிறமோ துளையோ தெரியாமல் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளலாம், வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு ருசி பார்ப்பது. பரிமாறுபவருக்கும் எது எந்த இட்லி என்று தெரியக்கூடாது. பெர்லினில் கணக்குப் போட்டுக் குளம்பால் தட்டிக் காட்டிய ஹான்ஸ் என்ற குதிரையை ஆராய்ந்த ஆஸ்கர் ஃபுங்ஸ்ட், விடை வந்ததும் கேள்வி கேட்டவரின் தலையிலும் முகத்திலும் தெரிந்த நுண்ணிய அசைவைப் படித்தே அது தட்டுவதை நிறுத்தியது என்று 1907இல் எழுதினார். தன் இட்லிக்கு முன் நிற்கும் சமையல்காரரின் முகம் அந்தக் கேள்வி கேட்டவரின் முகத்தைவிடப் பத்து மடங்கு பேசும். விடையைச் சத்தமாகச் சொல்லாமல் ஒரு சீட்டில் எழுதிக் கவிழ்த்துவைக்க வேண்டும். முதலில் வாய் திறப்பவர் மற்ற நான்கு பேரின் நாக்கையும் சேர்த்துத் திறந்துவிடுவார். இனிக் கணக்கு. வெறும் ஊகத்தில் ஒருவர் சரியாகச் சொல்ல மூன்றில் ஒரு வாய்ப்பு. ஐந்து பேரில் நான்கு பேரோ ஐந்து பேருமோ ஊகத்தாலேயே சரியாகச் சொல்லிவிட 243இல் 11 வாய்ப்பு, அதாவது சுமார் 4.5%. நான்கு சீட்டு சரியாக இருந்தால் இரண்டு இட்லியும் ஒன்றில்லை என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். இரண்டே சீட்டு சரியானால் வேற்றுமை இல்லை என்று அடித்துச் சொல்லக்கூடாது. ஐந்து நாக்குக்குப் பிடிபடும் அளவுக்கு அது பெரிதில்லை என்பதுதான் தெரிந்தது. அடுத்த வாரமும் அழைத்துச் செய்து பார்க்கலாம். சீட்டுகள் சேரச் சேர வாதம் தேறும்.

நண்பர்களின் நாக்குக்கும் ஒரு எல்லை உண்டு. வேற்றுமை இருக்கிறது என்று அது சொல்லும். ஏன் என்று சொல்லாது. ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக், இறைச்சியை முதலில் கடுஞ்சூட்டில் வாட்டினால் மேற்புறம் இறுகிச் சாறு வெளியே போகாமல் அடைபட்டுவிடும் என்று 1847இல் எழுதினார். வாட்டிய இறைச்சி உண்மையிலேயே கூடுதல் ருசியாக இருந்ததால் தின்றவர்கள் அனைவரும் அதை நம்பினார்கள். வாட்டும் முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தவர்களுக்கு எடை குறையத்தான் செய்தது. சாறு போய்க்கொண்டேதான் இருந்தது. ருசிக்குக் காரணம் புரதமும் சர்க்கரையும் சூட்டில் கூடிப் பழுப்பேறும் மெய்லார்ட் வினை. ஹெரால்ட் மெக்கீ 1984இல் தம் சமையல் அறிவியல் நூலில் இதைப் போட்டு உடைத்தார். இருந்தும் சமையல் நிகழ்ச்சிகளில் சாறு இன்னும் ‘அடைபட்டுக்கொண்டே’ இருக்கிறது. நாக்கு சொன்ன உண்மையோடு ஒட்டிக்கொண்டு ஒரு பொய்க்காரணமும் நூற்றாண்டைக் கடந்துவிட்டது. எனவே தராசு, தெர்மாமீட்டர், ரப்பர் பேண்ட் போன்ற ஊமைச் சாட்சிகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, நண்பர்களிடம் நாக்கின் சாட்சியை மட்டும் கேட்பதே முறை.

இப்படிக் கவிழ்த்த சீட்டும் மௌனமுமாக நடத்தினால் விருந்தின் சந்தோஷம் என்ன ஆவது என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சேர்ந்து உண்பதன் நன்மை உண்மையானது. பிரிட்டனில் ராபின் டன்பார் 2017இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், பிறரோடு அடிக்கடி உண்பவர்கள் தங்கள் வாழ்வில் கூடுதல் நிறைவையும் அக்கம்பக்கத்தோடு கூடுதல் நெருக்கத்தையும் சொன்னார்கள். கணக்கெடுப்பை வைத்து எது காரணம் எது விளைவு என்று அறுதியிட முடியாது, ஆனாலும் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்படப் போவதில்லை. அந்த ஒலிபெருக்கியை உடைக்கச் சொல்லவில்லை. பத்து நிமிடம் தாமதமாகப் போடச் சொல்கிறேன். முதலில் மௌனமாக மூன்று துண்டு, சீட்டு. பிறகு சாம்பார், சட்னி, மிளகாய்ப்பொடிக்கு நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய், அரட்டை. சீட்டுகளைப் பிரிக்கும் நேரம் இலையில் விழும் எந்தப் பலகாரத்துக்கும் குறையாத சுவாரசியம். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1969இல் இயற்பியலாளர் நிக்கோலஸ் குர்ட்டி சமையலறையைப் பற்றி உரையாற்றியபோது, மைக்ரோவேவைக் கொண்டு வெளியே குளிர்ந்த ஐஸ்கிரீமும் உள்ளே சுடும் நடுப்பகுதியுமாக ஓர் இனிப்பைச் செய்து காட்டினார். அறிவியலும் விருந்தும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் எதுவும் கெட்டுவிடுவதில்லை.

ஓர் எச்சரிக்கை மட்டும் விளையாட்டுக்கு அப்பாற்பட்டது. எது எந்தத் தட்டில் என்பதை நண்பர்களிடம் மறைக்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்பதை மறைக்கக்கூடாது. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவருக்குச் சட்னியில் ஒரு ஸ்பூன் கடலை ரகசியம் ஆகாது. முந்தைய நாள் சோற்றை வைத்துச் சோதனை செய்ய விரும்புபவர்கள் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவை நினைவில் வைக்கவேண்டும். சோறு வெந்தபின்னும் அதன் வித்துகள் பிழைத்திருக்கும். மணிக்கணக்கில் வெளியே கிடக்கும் சோற்றில் அது விடும் ஒரு நஞ்சு திரும்பக் கொதிக்கவைத்தாலும் அழியாது. எண்ணெயில் பூண்டைப் போட்டு அறைச் சூட்டில் வாரக்கணக்கில் ஊறவிடுவதும் அப்படித்தான். காற்றில்லாத அந்த எண்ணெய்க்கடியில் போட்யூலிசம் நோயை உண்டாக்கும் பாக்டீரியா வளர்ந்து நஞ்சு விட இடமுண்டு. இத்தகைய நஞ்சுகளை முகர்ந்தோ நக்கியோ கண்டுபிடிக்க நண்பர் நாக்காலும் முடியாது.

இட்லிச் சோதனையை மாவு பொங்கிய முதல் காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது. மூன்றாம் நாள் கையால் கரைத்ததும் கரண்டியால் கலந்ததும் ஒரே புளிப்பில் போய் நிற்கும். இருந்த வேற்றுமையும் அதில் மூழ்கிவிடும். இரண்டு பாத்திரத்தையும் ஒன்றாகக் கொட்டி, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் பொடியாக அரிந்து தூவி, ஓரம் முறுக ஊத்தப்பமாக ஊற்றிவிடலாம். அதற்குச் சீட்டு வேண்டாம்.